‘கெட்ட எண்ணம் வருகிறது, திருவிருந்து எடுக்கலாமா?’

கேள்வி

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவரின் நீண்ட கடிதம் இது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. விசுவாசக் குடும்பத்தில் பிறந்து, 17 வயதில் ஞானஸ்நானம் பெற்றவர். சபையில் பாடகர் குழுவில் இருக்கிறார். கடந்த ஒரு வருடமாக, ஜெபிக்கக் கண்ணை மூடினாலே தேவனைப் பற்றி அசிங்கமான வார்த்தைகள் மனதில் வந்து விழுகின்றன. திருவிருந்தில் அப்பத்தைக் கையில் வாங்கும் நேரத்தில்தான் இது மிக மோசம். வந்தவுடன் ‘இயேசுவே, மன்னியும்’ என்று ஏழு முறை சொல்வார். ஐந்தாவது முறையில் அந்த வார்த்தை மறுபடி வந்துவிட்டால் ஒன்றிலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும். சில இரவுகளில் இதிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஐந்து மாதமாகத் திருவிருந்து எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து இளைய மகளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போவதுபோல எழுந்து வெளியே போய்விடுகிறார்.

இன்னொரு பக்கம், ஒன்பது வயது மகனிடம் கோபம். வீட்டுப்பாடம் செய்ய வைக்கும்போது ஸ்கேலால் அடித்துவிடுகிறார். ஒரு முறை முன்கையில் தடிப்பு இரண்டு நாள் இருந்தது. ‘நாளை அடிக்க மாட்டேன்’ என்று ஜெபக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் இரவில் எழுதி வைக்கிறார். அதே வரி பக்கம் பக்கமாக ஓடுகிறது. “பவுலே விரும்பாத தீமையைச் செய்தேன் என்கிறாரே, நான் எம்மாத்திரம்?” என்று கேட்கிறார்.

சபை மூப்பர் ஒருவரிடம் பொதுவாகப் பேசிப் பார்த்திருக்கிறார். “தேவனால் பிறந்தவன் பாவம் செய்யான் என்று வசனம் சொல்கிறது, அப்படியானால் நீங்கள் இன்னும் மறுபடியும் பிறக்கவில்லை” என்றாராம் அவர். தோழி ஒருவரோ, “நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம், மோசே கொடுத்த நியாயப்பிரமாணம் முடிந்துபோனது, பாவ அறிக்கைகூட இனித் தேவையில்லை” என்கிறார்.

அவர் கேட்பவை: நான் இரட்சிக்கப்பட்டவள்தானா? மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனா? இந்த இருவரில் யார் சொல்வது சரி? மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தால் இது தீருமா?

இவற்றுக்கு நடுவில், மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: “மூன்று வருடத்துக்கு முன் மாமியாரின் பணம் காணாமல் போனபோது கொழுந்தன் மனைவிதான் எடுத்திருப்பாள் என்று சொல்லிவிட்டேன், பிறகு அது என் துணி அலமாரியிலேயே கிடைத்தது, காணிக்கைப் பெட்டியில் போட்டுத் தேவனிடம் அறிக்கையிட்டுவிட்டேன், அது முடிந்துவிட்டது.”

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. நீங்கள் விரும்பாமலே வரும் எண்ணங்கள், மகனிடம் காட்டும் கோபம், கொழுந்தன் மனைவிக்குச் செய்தது. மூன்றையும் ‘என் பாவம்’ என்று ஒரே பெயரில் அழைத்து, மூன்றுக்கும் சேர்த்து அழுகிறீர்கள். முதலாவதைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு ஒரு பக்கம். மூன்றாவதற்கு ஒரு வரி. அந்த அளவுகளை நான் கொஞ்சம் மாற்றப் போகிறேன். வருத்தப்படாமல் படியுங்கள்.

வருகிற எண்ணம்

பயத்திலிருந்து தொடங்குவோம். மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றி இயேசு யாரிடம், எந்தச் சூழலில் பேசினார் என்று மாற்கு 3ஆம் அதிகாரத்தில் பாருங்கள். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர், பிசாசு பிடித்தவர்கள் விடுதலையாவதைப் பார்த்துவிட்டு, இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அசுத்த ஆவியைக் கொண்டிருக்கிறான் என்று அவர்கள் சொன்னதால்தான் இயேசு அப்படிச் சொன்னார் என்று மாற்கு காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறார். அவர்கள் யோசித்து, துணிந்து, வாய்விட்டுச் சொன்னார்கள். அதற்காக ஒருவரும் இரவில் தூக்கம் இழந்ததாகத் தெரியவில்லை. பரிசுத்த ஆவியானவரின் வேலையைச் சாத்தானின் வேலை என்று நீங்கள் எங்கே முடிவுகட்டினீர்கள்? வேண்டாத ஒரு வார்த்தை வந்து விழுகிறது, நீங்கள் பதறுகிறீர்கள், அவ்வளவுதான். அந்த வேதபாரகரின் இடத்தில் உங்களை வைத்துப் பார்க்க எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை.

‘எண்ணம் வந்தாலே பாவம்தானே’ என்று கேட்டிருக்கிறீர்கள். வனாந்தரத்தில் இயேசுவிடம் பிசாசு சொன்னது என்ன? ‘என்னைப் பணிந்துகொள்’ என்றான். அதைவிட மோசமான தேவதூஷணம் இருக்க முடியுமா? அது இயேசுவின் காதில் விழுந்தது, அவர் அதற்கு இணங்கவில்லை. எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 சொல்வதற்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், சோதனை வருவதும் பாவம் செய்வதும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்த எவாக்ரியுஸ், கெட்ட எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, அவை தங்குவதும் தங்காததும்தான் நம் கையில் இருக்கிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஜெபத்தையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கே அந்த எண்ணங்கள் வந்தன என்பதைக் கவனியுங்கள்.

இதில் சபைகளுக்குள் ஒரு கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு யாராவது அதை வைத்து உங்களைக் குழப்பக்கூடாது. ஞானஸ்நானம் பெற்றவருக்குள் மிஞ்சியிருக்கும் இச்சை பாவத்துக்குத் தூண்டுவதுதானே தவிர, அதுவே சரியான அர்த்தத்தில் பாவம் ஆகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1546இல் திரெந்துப் பொதுச்சங்கத்தில் அறிவித்தது. சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் கால்வினும் அந்த இச்சையையும் பாவம் என்றே எண்ணினார்கள். ஆனால் இரு தரப்பும் பேசுவது இச்சையைப் பற்றி, அதாவது நமக்குள் ஏதோ ஒன்று விரும்புவதைப் பற்றி. உங்களுக்கு வருவது நீங்கள் அருவருக்கிற வார்த்தை. அந்த விவாதத்தின் எல்லைக்குள்ளேயே அது வராது.

சரி, அந்த ஏழு முறை மன்னிப்பு? என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வருவது, அதைச் சமன் செய்ய ஒரே செயலை எண்ணிக்கை வைத்துச் செய்வது, செய்தவுடன் கொஞ்சம் நிம்மதி, சற்று நேரத்தில் மறுபடியும் முதலிலிருந்து. மனநல மருத்துவர்கள் இதைப் பார்த்தால் ஓசிடியாக இருக்குமோ என்று விசாரிப்பார்கள். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிறார்கள். சிலருக்கு அது கை கழுவுவதில் வருகிறது, சிலருக்குப் பூட்டைச் சரிபார்ப்பதில், பக்தியுள்ளவர்களுக்குப் பல நேரம் பக்தியிலேயே வருகிறது. கடிதத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது, நான் அதைச் செய்யவும் இல்லை. ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். இதற்கென்றே ஒரு சிகிச்சை முறை இருக்கிறது. எண்ணம் வரட்டும் என்று விட்டுவிட்டு, அதற்குப் பரிகாரமாகச் செய்யும் செயலைச் செய்யாமல் இருக்க, சிறிது சிறிதாகப் பழக்குவார்கள். மருந்தும் தேவைப்படலாம், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். இதற்கிடையில் செத்துப்போனால் தேவலை என்கிற மாதிரி எண்ணம் ஒரு நாள் வந்தாலும் காத்திருக்காதீர்கள். அன்றே கணவரிடம் சொல்லி மருத்துவரிடம் போங்கள்.

இதே வேதனையில் கிடந்தவர் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற அமைப்பை நிறுவிய இக்னேஷியஸ் லொயோலா. 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, எத்தனை முறை பாவ அறிக்கை செய்தாலும் ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்ற சந்தேகம் அவரை விடவில்லை. தற்கொலை எண்ணம் வரை போனது. பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் அதிலிருந்து வெளியே வந்தார். அதிகமாக அறிக்கையிட்டதால் வரவில்லை, நிறுத்தியதால் வந்தார். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். அந்த வார்த்தை வரும்போது எண்ணாதீர்கள், விரட்டாதீர்கள், பதில் சொல்லாதீர்கள். பாடிக்கொண்டிருந்த பாட்டைத் தொடர்ந்து பாடுங்கள். முதல் சில நாட்கள் மிகவும் கஷ்டமாக இருக்கும்.

ரோமர் 7ஐ எங்கே நிறுத்துவது

“நிர்ப்பந்தமான மனுஷன் நான்!” என்ற 7:24ஐ எழுதி, அதற்குக் கீழே கோடும் போட்டு, அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். பவுல் அங்கே நிறுத்தவில்லை. பைபிளில் இப்போது நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல். ரோமாபுரி சபையில் இந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது 7ஆம் அதிகாரத்துக்கும் 8ஆம் அதிகாரத்துக்கும் நடுவில் எந்தக் கோடும் கிடையாது. ‘யார் என்னை விடுதலையாக்குவார்’ என்ற கேள்வியும், ஸ்தோத்திரமும், ‘ஆக்கினைத்தீர்ப்பில்லை’ என்ற அறிவிப்பும் அவர்கள் காதில் ஒரே மூச்சில் விழுந்திருக்கும்.

அந்த ‘நான்’ யார் என்பதில் பழைய காலத்திலிருந்தே ஒருமித்த கருத்து இல்லை. ஆதித் திருச்சபையின் அறிஞர்களான ஒரிகேனும் கிறிசோஸ்தோமும், கிருபையை அறியாமல் நியாயப்பிரமாணத்தின் கீழ் இருப்பவனின் குரல் அது என்று படித்தார்கள். அகஸ்டின் முதலில் அப்படித்தான் படித்தார். மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக வாழ முடியும் என்ற பெலாகியுவோடு நடந்த வாதங்களின் காலத்தில் மனம் மாறி, இது விசுவாசியின் போராட்டமும்தான் என்றார். லூத்தரும் கால்வினும் அவர் வழியில் போனார்கள். ஜெர்மானிய அறிஞர் கியூமெல் 1929இல், பவுல் இங்கே தன் சொந்தக் கதையைச் சொல்லவே இல்லை என்று வாதிட்டார். நியாயப்பிரமாணத்துக்குரிய நீதியின்படி தான் குற்றஞ்சாட்டப்படாதவன் என்று பிலிப்பியர் 3:6இல் பவுலே சொல்வது அந்தப் பக்கத்துக்குப் பலம்.

என் சாய்வு அகஸ்டின் பக்கம். உள்ளான மனுஷனில் தேவனுடைய நியாயப்பிரமாணத்தின்மேல் பிரியம் என்று 7:22 சொல்கிறதே, அந்தப் பிரியம் விசுவாசியிடம்தான் வரும் என்று நினைக்கிறேன். ஆனால் இன்னொன்றையும் பார்க்கிறேன். 7ஆம் வசனத்திலிருந்து அதிகார முடிவு வரை ‘நான்’, ‘எனக்கு’, ‘என்னில்’ என்று நிரம்பி வழிகிறது. தேவ ஆவியானவர் செயல்படுகிறவராக அங்கே வருவதே இல்லை. 8ஆம் அதிகாரத்தில் ஏறக்குறைய இருபது இடங்களில் வருகிறார். விசுவாசி தனியாக நின்று தன்னோடு மல்லுக்கட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் அந்தப் பகுதி காட்டுகிறது. உங்கள் குறிப்பேட்டின் பின்பக்கம் அதற்குச் சாட்சி. ‘நாளை அடிக்க மாட்டேன்’ என்ற வரியில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். உதவிக்கு ஒரு ஆள்கூட இல்லை.

ஆக, நான் இரட்சிக்கப்பட்டவளா என்ற கேள்விக்கு: உங்களுக்குள் போராட்டம் இருப்பதை வைத்து ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ஆவியும் மாம்சமும் ஒன்றுக்கொன்று விரோதமாயிருக்கிறது என்று கலாத்தியர் 5:17 சொல்வது விசுவாசிகளைப் பார்த்துத்தான். நிச்சயம் எங்கிருந்து வருகிறது என்றால், நீங்கள் எவ்வளவு நன்றாகப் போராடினீர்கள் என்பதிலிருந்து வருவதில்லை. ரோமர் 8:1இல் தீர்ப்பு ஏற்கெனவே வாசிக்கப்பட்டுவிட்டது.

மூப்பரும் தோழியும்

மூப்பர் காட்டியது 1 யோவான் 3:9. அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், “நமக்குப் பாவமில்லையென்போமானால், நம்மை நாமே வஞ்சிக்கிறவர்களாயிருப்போம்” என்று யோவான் எழுதியிருக்கிறார். இரண்டாம் அதிகாரத் தொடக்கத்தில், ஒருவன் பாவம் செய்தால் பிதாவினிடத்தில் பரிந்து பேசுகிற இயேசுகிறிஸ்து இருக்கிறார் என்கிறார். மூன்றாம் அதிகாரத்துக்கு வருவதற்குள் அவர் இதை மறந்திருக்க மாட்டார். பாவத்தை வாழ்க்கை முறையாக வைத்துக்கொண்டு, ‘எனக்கு வெளிச்சம் வந்துவிட்டது’ என்று பேசித் திரிந்தவர்களைப் பற்றியது அந்த வசனம். கிறிஸ்தவப் பூரணத்தைப் பற்றி மிகுதியாகப் பிரசங்கித்த, மெதடிஸ்து இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியே, விசுவாசிகளுக்குள் பாவமே மிச்சமில்லை என்று சிலர் சொல்லத் தொடங்கியதும், 1763இல் அதை மறுத்து ஒரு பிரசங்கம் வெளியிட்டார். பாவம் விசுவாசிக்குள் மிஞ்சியிருக்கிறது, ஆனால் அரசாளுவதில்லை என்பது அவர் நிலை. மூப்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பயந்துபோய் வந்தவரிடம் எடுத்த எடுப்பில் நீட்டுகிற வசனம் அது இல்லை.

தோழி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு யாரும் நீதிமானாவதில்லை. மீதிப் பாதி பழைய சண்டை. லூத்தரின் நண்பராக இருந்த அக்ரிகோலா, விசுவாசிகளுக்கு இனி நியாயப்பிரமாணத்தைப் போதிக்க வேண்டியதில்லை என்றார். 1530களின் கடைசியில் அவரைக் கடுமையாக எதிர்த்தவர், கிருபையைப் பற்றி அவ்வளவு பேசிய அதே லூத்தர்தான். சீர்திருத்தச் சபைகள் நியாயப்பிரமாணத்துக்கு மூன்று பயன்களைச் சொல்லி வந்திருக்கின்றன: பாவத்தை உணர்த்துவது, சமுதாயத்தில் தீமையைக் கட்டுப்படுத்துவது, மீட்கப்பட்டவர் எப்படி நடக்க வேண்டும் என்று காட்டுவது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்துக் கட்டளைகள் எப்படித் தொடங்குகின்றன? உன்னை எகிப்து தேசத்திலிருந்து புறப்படப்பண்ணினேன் என்று. விடுதலை முதலில், கட்டளை அப்புறம்.

ரோமர் 7இல் பவுல் உதாரணத்துக்கு எடுத்த கட்டளையையும் பாருங்கள். கொலையோ களவோ இல்லை, “இச்சியாதிருப்பாயாக” என்ற பத்தாவது கட்டளை. பத்தில் வெளியே இருந்து யாரும் பார்க்க முடியாத கட்டளை அது. மற்ற ஒன்பதில் தேறியதாக நினைத்திருந்தவர், இதில் வந்து விழுந்திருக்கிறார். பாவம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டுவதற்காக அவர் உள்ளே போனார். நீங்கள் உள்ளே போனது வேறு மாதிரி. அங்கேயே தங்கிவிட்டீர்கள். வெளியே, மற்றவர்களுக்கு உங்களால் நடந்த காரியங்கள் அப்படியே நிற்கின்றன.

மகன்

பவுலே அப்படியென்றால் நான் எம்மாத்திரம் என்ற உங்கள் வாதத்தை நான் ஏற்கவில்லை. “நான் அல்ல, எனக்குள் வாசமாயிருக்கிற பாவமே” என்பது பவுல் தேவனுக்கு முன் புலம்பியது. அடி வாங்கிய பிள்ளையிடம் போய்ச் சொல்கிற பதில் இல்லை அது. ரோமர் நிருபத்தின் முந்தைய அதிகாரத்திலேயே, உங்கள் அவயவங்களை அநீதியின் ஆயுதங்களாகப் பாவத்துக்கு ஒப்புக்கொடாதிருங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஸ்கேலைப் பிடித்த கையும் அவயவம்தான்.

பிரம்பைப் பற்றிய நீதிமொழிகளை எடுத்துக்கொண்டு யாராவது வருவார்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், திருத்துவதற்காக அடிக்கவில்லை, ஆத்திரத்தில் அடிக்கிறேன் என்று. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபமூட்டாதிருங்கள் என்பதுதான் இங்கே பொருந்துகிற வசனம். ஒன்பது வயதுப் பையனின் கையில் இரண்டு நாள் தடிப்பு இருந்திருக்கிறது. நீங்கள் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளரும்வரை அவன் காத்திருக்க முடியாது. அடிப்பது இன்றே நிற்க வேண்டும்.

எப்படி என்றால், தீர்மானம் எழுதுவதை நிறுத்திவிட்டு ஏற்பாட்டை மாற்றுங்கள். வீட்டுப்பாடத்தைக் கொஞ்ச நாள் கணவர் பார்த்துக்கொள்ளட்டும், முடியாவிட்டால் அவன் முடிக்காமலே பள்ளிக்குப் போகட்டும், வானம் இடிந்து விழாது. ஸ்கேல் வீட்டில் உங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். குரல் உயர்கிறது என்று தெரிந்த நொடியில் அறையைவிட்டு வெளியே வாருங்கள். இதெல்லாம் ஜெபத்துக்கு மாற்று என்று நினைக்காதீர்கள். உன் கண் உனக்கு இடறலுண்டாக்கினால் அதைப் பிடுங்கிப் போடு என்று இயேசு சொன்னது, இடறலுக்கான வழியையே அடைக்கச் சொல்லித்தான். இரவில் ஒரு மணி நேரம் தூக்கம் போனால் காலையில் பொறுமை எங்கிருந்து வரும் என்பதையும் யோசியுங்கள். முதல் பிரச்சினைக்குச் சிகிச்சை எடுத்தால் இதுவும் ஓரளவு குறையும் என்று எதிர்பார்க்கிறேன். குறையாவிட்டால் கோபத்தைப் பற்றியும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். “அம்மா உன்னை அடிச்சது தப்பு. நீ கணக்குத் தப்பாப் போட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.” இவ்வளவு போதும். ‘நீ ஒழுங்கா இருந்திருந்தா’ என்று ஒரு வால் சேர்க்க வேண்டாம். ‘அம்மாவுக்காக ஜெபம் பண்ணு’ என்றும் சொல்ல வேண்டாம், உங்கள் பாரத்தை அவன் தோளில் ஏற்றுவதாகிவிடும்.

அந்த ஒரு வரி

இனி, ‘அது முடிந்துவிட்டது’ என்று நீங்கள் எழுதியது. கடிதத்தின் முதல் பக்கத்தில், பண்டிகைக்குக்கூடக் கொழுந்தன் குடும்பம் வருவதில்லை, மாமியார் அவர்கள் பேச்சை எடுப்பதே இல்லை என்று வேறு ஏதோ சொல்லும்போது குறிப்பிடுகிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தேன். ஒரு பெண் மூன்று வருடமாகத் திருடி என்ற பெயரோடு வாழ்கிறார். அவருக்கு இது முடியவில்லை.

தேவன் உங்களை மன்னிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மன்னிப்புப் பெற்றதால் பாதிக்கப்பட்டவருக்குச் செய்ய வேண்டியது ரத்தாகிவிடாது. லேவியராகமம் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். கண்டெடுத்ததை மறைத்துப் பொய் சொன்னவனும் அந்தப் பட்டியலில் வருகிறான். அவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, அதற்கு உரியவனிடம் கொடுக்க வேண்டும். ஆசாரியனிடம் குற்றநிவாரணபலி அதற்கப்புறம்தான் வருகிறது. நீங்கள் உரியவரிடம் கொடுக்க வேண்டியதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டீர்கள். அது மாமியாரின் பணம், கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லாத காணிக்கை. வரி வசூலித்த சகேயுவும் ‘ஆண்டவரே, மன்னியும்’ என்று மட்டும் சொல்லி முடிக்கவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான்.

“தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து” என்று தாவீது 51ஆம் சங்கீதத்தில் சொல்வதைக் காட்டி, பாவ அறிக்கை தேவனிடம் மட்டும்தான் என்கிறீர்கள். தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனைக் கொல்லவும் வைத்தார். உரியாவிடம் போய்ச் சொல்ல தாவீதுக்கு வழியில்லை, உரியா செத்துவிட்டான். நீ மறைவில் செய்தாய், நானோ இந்தக் காரியத்தை எல்லாருக்கும் முன்பாகச் செய்விப்பேன் என்று தீர்க்கதரிசி நாத்தான் மூலம் கர்த்தர் சொன்னார். அந்தச் சங்கீதமே இராகத்தலைவனிடம் கொடுக்கப்பட்டு, சபையார் பாடுகிற பாட்டாகிவிட்டது. இதைவிட வெளிப்படையான அறிக்கை எது? உங்கள் கொழுந்தன் மனைவி உயிரோடு இருக்கிறார்.

உங்களைப் போன்ற மனநிலையில் இருப்பவர்களிடம் யாரிடமாவது போய் அறிக்கையிடுங்கள் என்று நான் சுலபத்தில் சொல்வதில்லை. வீணாகப் பலரிடம் பலமுறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இது வேறு. எப்போது, யாருக்கு, என்ன நடந்தது என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடிகிறது, எழுதியும் காட்டிவிட்டீர்கள். இதை ஒரு முறை சொல்ல வேண்டும், திரும்பத் திரும்ப அல்ல.

வழிகளை எடை போட்டுப் பார்ப்போம். பெயர் போடாமல் பணத்தை மட்டும் மாமியாரிடம் சேர்த்துவிடலாம். பணம் திரும்பும், பெயர் திரும்பாது. ‘திருடினவளே பயந்து திருப்பிக் கொடுத்துவிட்டாள்’ என்றுதான் பேச்சு வரும். போதகரை விட்டுச் சொல்லச் சொல்லலாம். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அவருக்கு வேண்டியது உங்கள் வாயிலிருந்து வருகிற வார்த்தை. என் ஆலோசனை: முதலில் கணவரிடம் சொல்லுங்கள். பிறகு கொழுந்தன் மனைவியை நேரில் பார்த்துச் சொல்லுங்கள். கடைசியாக மாமியாரிடமும், அந்தப் பொய் யார் யார் காதுக்கெல்லாம் போனதோ அவர்களிடமும். பொய் எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் உண்மையும் போக வேண்டும். பணத்தையும் மாமியாரிடம் கொடுத்துவிடுங்கள்.

அபாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாமியார் கத்தலாம். வீட்டில் உங்கள் மதிப்பு குறையும், சபைக்கும் செய்தி போகலாம். கணவர் கைநீட்டக்கூடியவர் என்றால், தனியாகச் சொல்லாதீர்கள், நம்பகமான மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கொழுந்தன் மனைவி மன்னிக்காமல் போகலாம். ‘பைபிளில் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே’ என்று அவரிடம் நீங்கள் சொல்லவே கூடாது. மூன்று வருடம் சுமந்தவர் அவர். கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது.

திருவிருந்தும் ஞானஸ்நானமும்

அபாத்திரமாய்ப் புசிக்கக்கூடாது என்ற பயத்தில் ஐந்து மாதம் ஒதுங்கியிருக்கிறீர்கள். 1 கொரிந்தியர் 11இல் அந்த எச்சரிக்கை எதற்காக வந்தது? கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். சகோதரரை அவமதித்துக்கொண்டே கர்த்தருடைய பந்தியில் உட்கார்ந்தது பற்றிய எச்சரிக்கை அது. அப்போதும், தன்னைத்தானே சோதித்தறிந்து விலகி நிற்கக்கடவன் என்று பவுல் எழுதவில்லை, சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்கிறார். மனதில் வந்து விழும் வார்த்தைகளுக்காக நீங்கள் ஒரு ஞாயிறுகூட ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முன்பு ஒப்புரவாகு என்று இயேசு சொல்வது மட்டும் உங்களுக்குப் பொருந்துகிறது, அதற்கும் கொழுந்தன் மனைவி மன்னிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நீங்கள் போய்ச் சொல்லிவிட்டீர்கள் என்றால் உங்கள் பங்கு தீர்ந்தது. ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ என்றுதான் ரோமர் 12:18ம் சொல்கிறது. அடுத்த திருவிருந்துக்குப் போங்கள். அப்பம் கைக்கு வரும்போது அந்த வார்த்தையும் வரும். வந்தால் வரட்டும், சாப்பிடுங்கள்.

மறு ஞானஸ்நானம் வேண்டாம். எபேசியர் 4:5 ஒரே ஞானஸ்நானம் என்கிறது. அதோடு, இப்போதைய நிலையில் அதுவும் அந்த ஏழு முறை மன்னிப்பின் வரிசையில் போய்ச் சேர்ந்துவிடும், கொஞ்ச நாளில் மூன்றாவது ஞானஸ்நானம் பற்றி யோசிப்பீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது, எந்த நேரத்தில் எண்ணம் வருகிறது, என்ன செய்கிறீர்கள், ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த அசிங்கமான வார்த்தைகளை எனக்கு எழுதக் கூசினீர்கள், அவரிடம் தயங்காமல் சொல்லலாம், அவர் அவற்றைவிட மோசமானதையெல்லாம் கேட்டிருப்பார். போதகரையும் மருத்துவரையும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.